கண்ணாடிக் கைகள்

என் அண்ணனை வேலை செய்த இடங்களிலெல்லாம் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். மூக்கின் மேல் ஒன்றும் இருக்காது. "எங்கேப்பா கண்ணாடி?" என்று கேட்பார்கள். "கையில இருக்கு" என்பான். பிறகு வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டுவான். இடது கை விரல்களும் அதே வரிசையில் மடங்கும். அவன் மடக்குவதில்லை. அவனால் நிறுத்தவும் முடியாது.

நான் அவன் தங்கை. எனக்கும் அப்படித்தான். எங்கள் அப்பாவுக்கும் அப்படி இருந்ததாகச் சொல்வார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே லாரி மோதி இறந்துபோனார். அவர் கை எனக்கு நினைவில் இல்லை.

அண்ணன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஏணியில் நின்று வலது கையால் பிரஷை இழுத்தால், ஏணியைப் பிடித்திருக்கும் இடது கை தானாக இறுகும், தளரும். அதனால் அவன் ஏணியைக் கையால் பிடிப்பதே இல்லை. இடது முழங்கையைப் படிக்குள் விட்டு வளைத்துக்கொள்வான். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத தாள், அதுதான் எங்கள் அச்சகத்தின் முக்கிய வேலை. வலது கையில் பென்சில் இருக்கும். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன். இல்லாவிட்டால் அது காற்றில் எழுதிக்கொண்டிருக்கும். பக்கத்து மேஜைக்காரர் முதல் வாரம் பயந்தே போய்விட்டார்.

இதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. உயரம் மாதிரி, குரல் மாதிரி, எங்களுக்கு இப்படி என்று விட்டுவிட்டோம். அண்ணன் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோதுதான் கதை மாறியது. அவளை நாங்கள் குட்டி என்போம். ஐந்து வயதில் அவள் எழுதும்போது இடது கை மேஜையைப் பிறாண்டுகிறது என்று டீச்சர் சீட்டு எழுதி அனுப்பினார். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்து இரண்டு நாள் அந்தக் கையைப் பின்னால் கட்டி வைத்தார்களாம். அண்ணி மறுநாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள். அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறாள். சத்தம் போட மாட்டாள். அவள் சத்தம் போடாமல் பேசினால்தான் ஆள் நடுங்குவான். பள்ளிக்கூடத்திலிருந்து குட்டியோடு நரம்பு டாக்டர், நரம்பு டாக்டரிடமிருந்து ஆராய்ச்சிக் கூடம்.

ஆராய்ச்சிக் கூடத்தில் எங்களைப் பார்த்தவருக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிட்டோம். "நான் ஊசி போடுற டாக்டர் இல்லீங்க, கோழி முட்டைக்குள்ள எட்டிப் பார்க்குற டாக்டர்" என்று சிரித்தார். நாலு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். எனக்கும் அண்ணனுக்கும் குட்டிக்கும் ஒரே ஜீனில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம். அண்ணிக்கு இல்லை.

"கரு வளரும்போது மூளையில இருந்து நரம்பு நூல் நூலாக் கிளம்பும்" என்றார் டாக்டரம்மா. "இடது பக்கம் கிளம்பினது வலது பக்கம் போகணும். வலது பக்கத்துது இடது பக்கம் வரணும். நடுவுல ஒரு கோடு இருக்கு, அதைத் தாண்டணும். அந்த நூலுக்குக் கண்ணு கிடையாது. முனையில மூக்கு மாதிரி ஒண்ணு இருக்கு. நடுக்கோட்டுல இருந்து வர்ற வாசனையை மோப்பம் பிடிச்சுப் போகும். அந்த மூக்கைச் செய்யுறதுக்கான குறிப்புதான் இந்த ஜீன். எல்லார்கிட்டயும் ரெண்டு பிரதி இருக்கும். உங்ககிட்ட ஒண்ணு சரியா இருக்கு, ஒண்ணுல பிழை."

"எழுத்துப் பிழையா?" என்று கேட்டேன்.

"அப்படியே வெச்சுக்கலாம். நாலாயிரத்துக்கு மேல எழுத்து. அதுல ஒண்ணு மாறியிருக்கு."

நாலாயிரத்தில் ஒன்று என்றால் எங்கள் அச்சகத்தில் சும்மா விட மாட்டார்கள். ஆனால் வெளியே போய்விட்ட தாளில் ஒரு பிழை கிடந்து, யாரும் கவனிக்காமல் வருடக்கணக்கில் ஓடியதையும் பார்த்திருக்கிறேன்.

"பாதி மூக்குதான் இருக்குறதால, கொஞ்சம் நூல் கோட்டைத் தாண்டாம இந்தப் பக்கமே இறங்கிடுச்சு. அதனால ஒரு பக்கத்து மூளை உத்தரவு போட்டா ரெண்டு கைக்கும் போகுது. அறிவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அண்ணன் கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ நான் மக்கு இல்ல. வயரிங்தான் தப்பு" என்றான். பள்ளிக்கூடத்தில் அவனை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். கையெழுத்து கோணல், கவனம் இல்லை என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள்.

மைக்ராஸ்கோப்பில் எங்களுக்கு இரண்டு கண்ணாடித் தகடுகளைக் காட்டினார். கோழிக் கருவின் தண்டுவடத்தை மெல்லிசாகச் சீவி வைத்திருந்தார்கள். முதலாவதில் பச்சை நிற நூல்கள் நடுவில் குவிந்து மறுபக்கம் போயிருந்தன. இரண்டாவதில் அந்த ஜீனை வேலை செய்யாமல் அணைத்து வைத்திருந்தார்களாம். நூல்கள் பாதி வழி வந்து கலைந்திருந்தன. சில திரும்பியிருந்தன. அண்ணன் இரண்டாவதை ரொம்ப நேரம் பார்த்தான். வரிசையில் குட்டி காத்திருந்தும் நகரவில்லை.

"பாவம், வழி தெரியாம நிக்குது" என்றான்.

அறிக்கை மூன்று பக்கம். அதை என்னிடம் கொடுத்து வைத்தான், படிக்கத் தெரிந்தவள் என்று. ஜீனுக்கு மூன்றெழுத்துப் பெயர். மூன்றாம் பக்கத்தில், அடிக்குறிப்பில், எறும்பு மாதிரி எழுத்தில் அந்த மூன்றெழுத்தின் விரிவு இருந்தது. சின்ன எழுத்தைப் படிப்பதுதான் என் தொழில். 'பெருங்குடல் புற்றில் காணாமல் போனது.' அதுதான் அந்த ஜீனின் பெயர்.

மறுநாள் அச்சகத்தின் மாடிப்படியில் நின்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கேப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார். "அந்தப் பேரு வெச்சது முதல்ல புற்றுநோய்க்காரங்க. குடல்ல வர்ற கட்டிகள்ல அந்த ஜீன் இருக்குற துண்டே அடிக்கடி காணாம போயிருந்தது. அதனால அப்படிப் பேரு வெச்சாங்க. மூளையில அது செய்யுற வேலை அப்புறம்தான் தெரிஞ்சது. ஒரே ஆளு ரெண்டு ஊர்ல ரெண்டு வேலை பார்க்குற மாதிரி."

"குடல்ல அதுக்கு என்ன வேலை?"

"நாங்க நினைக்கிறது இதுதான். இருக்க வேண்டிய இடத்துல வாசனை கிடைச்சுட்டே இருக்குற வரைக்கும் செல் சும்மா இருக்கும். இடம் மாறித் திரிய ஆரம்பிச்சா வாசனை கிடைக்காது. உடனே இது அந்த செல்லைச் செத்துப் போகச் சொல்லும். இது காணாம போயிட்டா, சொல்றதுக்கு ஆள் இல்ல."

"அப்போ எங்களுக்கு…"

"உங்களை மாதிரிக் குடும்பங்கள்ல குடல் புற்று அதிகமா வருதுன்னு இதுவரைக்கும் யாரும் பார்க்கல. ஆனா உங்களை மாதிரிக் குடும்பமே ரொம்பக் கொஞ்சம்தான் தெரியும். இருக்காதுன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. பயப்படவும் காரணம் இல்ல. அண்ணன்கிட்ட நான் பேசட்டுமா?"

"நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது, அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் கை முதலில் காப்பி அடிக்காமல் இருக்கிறது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருமே தோற்றுக்கொண்டிருந்தார்கள். அவன் சிரிப்பைப் பார்த்தேன். பயப்படக் காரணம் இல்லை என்றுதானே சொன்னார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பிறகு ஆறு வருடம் ஆயிற்று.

ஆறாவது வருடம் அவன் மெலிய ஆரம்பித்தான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டான். கேட்டால் ஏணி ஏறி இறங்குகிறேன் என்பான். ஒரு நாள் ஒரு வீட்டு வரவேற்பறையில் கூரைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன் இறங்கி வந்து தரையில் படுத்துவிட்டான். வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ரத்தம் பாதிதான் இருந்தது. நாலு மாதமாக மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்து எவரிடமும் சொல்லவில்லை.

பெருங்குடலில் கட்டி. ஈரலில் இரண்டு புள்ளி.

அண்ணி போனில் சொன்னபோது நான் ஒரு வலி மாத்திரையின் தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். சரி அண்ணி, வர்றேன் அண்ணி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு மீதித் தாளையும் படித்து முடித்தேன். ஒரு இடத்தில் கால்புள்ளி இரண்டு தடவை விழுந்திருந்தது. அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. உள்ளே ஏதாவது அசையும் என்று காத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி என்னையே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுவை முடிந்தது. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்தின் தாள் எங்கள் அச்சகத்தில்தான் அடித்தது. நான் மூன்று பதிப்புக்குப் பிழை திருத்தியிருக்கிறேன். 'மிகப் பரவலாக: கை, கால் விரல்கள் மரத்துப்போதல்.' ஐந்தாவது தடவைக்குப் பிறகு அண்ணனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல் நுனியில் பொத்தான் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றான்.

"வலது கை மரத்துப்போச்சு. உடனே இடது கையும். இதுலயும் காப்பி அடிக்குது பாருங்க" என்றான் நர்ஸிடம்.

"இந்த மருந்துல எல்லாருக்கும் ரெண்டு கையும்தாங்க மரக்கும்" என்றாள் நர்ஸ்.

"அப்பாடா, இப்பத்தான் முதல் தடவையா நானும் எல்லாரையும் மாதிரி ஆகியிருக்கேன்."

நர்ஸ் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு வாயோடு நின்றது.

அந்த நாட்களில்தான் டாக்டரம்மாவுக்கு மறுபடி போன் செய்தேன். கட்டியில் அந்த ஜீன் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் அண்ணன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் சிகிச்சை மாறப்போவதில்லை, அதைத் தெரிந்துகொண்டு போடட்டும் என்றார். அண்ணனிடம் 'ஆராய்ச்சிக்கு' என்று மட்டும் சொன்னேன். "எடுத்து வெளிய போட்டதுதானே, எனக்கு எதுக்கு அது" என்று கையெழுத்துப் போட்டான். பேனா வலது கையில். இடது கை போர்வையின் மேல் அதே கையெழுத்தைப் போட்டது.

முடிவு வந்த அன்று அண்ணனுக்குக் காய்ச்சல். நானும் அண்ணியும் போனோம். அதே ஆராய்ச்சிக் கூடம், மூன்றாவது மாடி. டாக்டரம்மாவுக்கு முன்முடி நரைத்திருந்தது. மேஜையில் ஒரு படத்தை வைத்து விரலால் காட்டினார்.

"இவர்கிட்ட ஒரு பிரதி பிறவியிலேயே சரியில்ல. இன்னொரு நல்ல பிரதி இருந்ததில்லையா, கட்டியில அதுவும் காணோம்."

"அப்போ இதனாலதான் வந்ததா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பக்கத்து அறையில் கேட்ட மாதிரி இருந்தது.

"தெரியல. உண்மையாவே தெரியல. உங்க ஜீன்ல இருக்குற பிழை இல்லாதவங்களுக்கு வர்ற குடல் கட்டியிலயும் பாதிக்கு மேல இந்தத் துண்டு காணாம போயிருக்கும். இவருக்கு இது இல்லாமலே வந்திருக்கலாம். இது இருந்ததால சீக்கிரம் வந்திருக்கலாம். ஒரே ஒருத்தரை வெச்சு எதையும் சொல்ல முடியாது." என்னைப் பார்த்தார். "முன்னாடியே நீங்க பேரைப் பத்திக் கேட்டப்போ சொன்னேன் இல்லீங்களா, சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதுன்னு. அதே இடத்துலதான் இன்னும் நிக்கிறோம்."

அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"என்ன பேரு?" என்றாள்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. நான் அண்ணனிடம் சொல்லியிருப்பேன் என்றே அவர் அத்தனை வருடமும் நினைத்திருக்கிறார்.

"என்ன பேருன்னு கேட்டேன்."

சொன்னேன். அடிக்குறிப்பில் இருந்தபடியே, ஒரு எழுத்து விடாமல்.

அண்ணி தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். எழுந்தாள். டாக்டரம்மாவிடம் "நன்றிங்க" என்றாள். லிஃப்டில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள் இறங்கின.

"ஆறு வருஷம்" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நான் உள்ளே வந்தால் அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்ப வெளியே போவாள்.

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. மறுநாள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலோரக் கட்டில். எதிர்க் கட்டடத்தில் யாரோ கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அதைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"உங்க அண்ணி நேத்தே சொல்லிட்டா" என்றான்.

"நான் அப்பவே சொல்லியிருந்தா நீ டெஸ்ட்டுக்குப் போயிருப்பியா?"

"நானா? பல்வலிக்கே கிராம்பை வெச்சு அமுக்கிட்டுத் திரிஞ்சவன்." இருமினான். தண்ணீர் குடித்தான். டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. "போயிருக்க மாட்டேன். ஆனா நீ சொல்லியிருக்கணும். போகாம இருக்குறது என் இஷ்டமா இருந்திருக்கும்."

"ஆமா" என்றேன்.

"ரத்தம் வந்தப்போ அந்தப் பேரு ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ. அது தெரியாது இல்ல?"

"தெரியாது."

"சரி விடு" என்றான். விட்டுவிட்டான் என்று எனக்குத் தோன்றவில்லை. திட்டவும் இல்லை. ஒரு திட்டு விழுந்திருந்தால் எனக்கு எங்காவது வலித்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "குட்டிக்கு?" என்று கேட்டான்.

"அதுக்கான வயசு வந்ததும் குடல் பரிசோதனை பண்ணிட்டே இருக்கணும். எனக்கும் இப்பவே பண்ணணும்."

"பண்ணிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

அவன் போர்வையை இழுத்துச் சரி செய்தேன். அவன் எதிர்ச் சுவரைக் காட்டினான். "அவன் கயிறு கட்டியிருக்குற லட்சணத்தைப் பாரு. ஈரம் காயுறதுக்குள்ள ரெண்டாம் கோட்டு அடிக்கிறான். ஒரு மழைக்கு உரிஞ்சுடும்" என்றான்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தான். கடைசியில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். ஒரு காலை நேரம், குட்டி பள்ளிக்குக் கிளம்பி ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது போனான். அண்ணி எனக்குப் போன் செய்யவில்லை. குட்டிதான் செய்தாள். "அத்தை, அப்பா மூச்சு விடல" என்றாள். நான் போனேன். நாற்காலிகள் வாங்கி வந்து போட்டேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பெயின்ட் அடிக்கிற ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் விரல் நகத்தில் பெயின்ட்டோடு வந்து நின்றார்கள். "கண்ணாடி போயிட்டானே" என்று ஒருவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வாரம் கழித்து வரும் என்றார்கள். ஒரு மாதம் கழித்தும் வரவில்லை. வேலைக்குப் போனேன். தாள்களைத் திருத்தினேன். ஒரு பிழையும் விடவில்லை என்று மேலாளர் பாராட்டினார்.

பரிசோதனைக்கு நாள் வாங்கினேன். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்கள், மயக்கம் கொடுப்பார்கள், அதனால் கூட ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றுக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் தனி ஆள். கல்யாணம் ஒன்று நடந்தது, மூன்று வருடத்தில் முடிந்தது. படிவத்தில் 'உடன் வருபவர்' என்ற இடத்துக்கு எதிரே வெறும் கோடாக இருந்தது. அச்சகத்தில் யாரையாவது கேட்கலாம். கேட்கவில்லை. முதல் தேதியைத் தள்ளிப் போட்டேன். இரண்டாவது தேதியையும் தள்ளிப் போட்டேன். மூன்றாவது தடவை அங்கிருந்து கூப்பிட்டபோது குட்டி என் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமைகளில் வருவாள், அதை அண்ணி தடுக்கவில்லை. நான் போனில் "கூட வர ஆள் இல்லீங்க" என்று சொன்னதை அவள் கேட்டிருக்க வேண்டும்.

திங்கள்கிழமை அண்ணி வந்தாள். அவள் என் வாசலில் நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீருடையில் இருந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். உள்ளே வரவில்லை.

"என்னிக்கு?" என்றாள்.

"எது அண்ணி?"

"டெஸ்ட்டு."

"வியாழக்கிழமை. போகணுமான்னு…"

"எத்தனை மணிக்கு?"

"எட்டு."

"ஏழரைக்கு வர்றேன். குடலைச் சுத்தம் பண்ண முந்தின நாள் அவங்க குடிக்கச் சொல்றதை முழுசாக் குடி. பாதியில வெச்சுட்டா திருப்பி அனுப்பிடுவாங்க." இரண்டு படி இறங்கியவள் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் பேசினாள். "அவர் ஜட்டியில ரத்தக் கறை இருந்துச்சு. நாலு மாசம் நான்தான் துவைச்சேன். எதுல ஊறப் போட்டா போகும்னு எனக்குத் தெரியும், அதுதானே என் வேலை. ஊறப் போட்டேன். ஒரு தடவை கேட்டேன். மூலம்னார். சரின்னுட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணும் சொல்லாத" என்றாள். போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஏழரைக்குச் சரியாக வந்தாள். படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் பேனாவை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு 'அண்ணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என் செருப்பையும் வாட்சையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். உள்ளே பச்சைச் சட்டை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். ஊசி குத்துவதற்காக வலது கையை இறுக்கி மடக்கச் சொன்னார்கள். இடது கையும் மடங்கியது. "அது வேண்டாம், இது மட்டும்" என்றார் மயக்க டாக்டர். "அது அப்படித்தான் வரும்" என்றேன். மேலே விளக்கு வட்டமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

விழித்தபோது திரைக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது.

"என்னன்னாலும் என்கிட்டயும் சொல்லணும். அவகிட்ட மட்டும் சொன்னா அவளே வெச்சுக்குவா."

"குடல்ல ஒரு சின்னச் சதை முளை இருந்தது, எடுத்துட்டோம்" என்றார் டாக்டர். "பார்க்கச் சாதாரணமாத்தான் இருக்கு. பத்து நாள்ல ரிப்போர்ட் வரும். அடுத்த வருஷம் மறுபடி பார்க்கணும்."

"எந்த மாசம்?"

"இதே மாசம் வந்தாப் போதும்."

அண்ணி அதைப் பேனாவால் எதிலோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. கெட்டது இல்லை. விட்டிருந்தால் ஆகியிருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம், பெரும்பாலும் ஆகாது என்றார். அவரிடமிருந்து வேறு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

பரிசோதனை நடந்த அன்று, எனக்கு மயக்கம் தெளிந்ததும், அண்ணி என் முழங்கையைப் பிடித்து டாக்ஸியில் ஏற்றி அவள் வீட்டுக்குத்தான் கூட்டிப் போனாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரொட்டியும் சூடான பாலும் கொடுத்தாள். அண்ணன் படுத்திருந்த அறையில் அவன் ஆரம்பித்து முடிக்காமல் விட்ட ஒரு சுவர் இருந்தது. பாதி பழைய பச்சை, பாதி புதிய வெள்ளை. குட்டி பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றாள்.

"என்ன அத்தை சொன்னாங்க?"

அண்ணியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. சொல்கிறேனா இல்லையா என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். முளையைச் சொன்னேன், பத்து நாளைச் சொன்னேன், அடுத்த வருடத்தைச் சொன்னேன். அவளுக்கும் ஒரு நாள் இது உண்டு என்று சொன்னேன். ஜீனின் பெயரைச் சொன்னேன், அதன் விரிவையும் சொன்னேன். எது தெரியும், எது யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். எல்லாம் சொல்லி முடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

குட்டி கேட்டுக்கொண்டாள். "இவ்வளவுதானா?" என்றாள். பிறகு பசிக்கிறது என்று சமையலறைக்குப் போனாள். மிச்ச ரொட்டியை எடுத்து வெட்டும் சத்தம் கேட்டது. அண்ணி எழுந்து அவளிடம் போய்க் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

என் முகம் நனைந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். வலது கையைத் தூக்கித் துடைத்தேன். அந்தக் கண்ணீர் எதற்காக வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். இன்னது என்று தெரியவில்லை.